சீமெந்துப் பையோடு வந்து பெயர் சொல்லாமல் போன ஐயாவுக்கு

மதிப்புக்குரிய ஐயா,

சென்ற மாதம் யாழ்ப்பாணத்தில் பொதுமக்களுக்கென நடத்தப்பட்ட தொல்லியல் நாளில், மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னர், மடித்துக் கட்டிய சீமெந்துப் பை ஒன்றோடு நீங்கள் எங்கள் மேசைக்கு வந்தீர்கள். உங்கள் பேத்தியென்று நான் நினைத்த சிறுமி ஒருத்தியும் கூட வந்திருந்தாள். மலசலகூடத்துக்குக் குழி வெட்டியபோது இவை அகப்பட்டனவென்று கூறி, பையிலிருந்த ஓடுகளை மேசையில் கொட்டி, "தம்பி, இது ஏதும் பெறுமதியானதோ?" என்று கேட்டீர்கள். உங்களுக்குப் பின்னால் பாடசாலைப் பிள்ளைகள் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "பழைய சட்டிபானை ஓடுதான் ஐயா, விலை ஒன்றும் இராது" என்றேன். அதே நேரம் பக்கத்தில் நின்ற யாரோ, "காணியைப் பற்றி வெளியில கதையாதேங்கோ, பிறகு எடுத்துப்போடுவாங்கள்" என்று உங்கள் காதோடு சொன்னதும் எனக்குக் கேட்டது. நீங்கள் ஓடுகளைப் பையில் அள்ளிக்கொண்டு, ஊரின் பெயரைக்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள். உங்கள் முகவரி தெரியாததால்தான் இதைப் பகிரங்கமாக எழுத வேண்டியிருக்கிறது. உங்கள் பேத்தியாவது வாசித்துக் காட்டுவாள் என்று நம்புகிறேன்.

அள்ளும்போது ஒரு துண்டு மேசைவிரிப்பின் மடிப்புக்குள் தங்கிவிட்டது. உள்ளங்கையில் பாதியளவு இருக்கும். மாலையில் மேசையை ஒதுக்கும்போது கண்டெடுத்து, ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தேன். வெளிப்பக்கம் செங்கல் நிறம். உட்பக்கமும் விளிம்பும் நல்ல கறுப்பு, நகம் வழுக்கும் அளவுக்கு மினுக்கம். இப்படிப்பட்ட கலங்களைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதனால் உள்ளே காற்றுப் புகாமல் அந்தப் பக்கம் கறுத்தது. காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவந்தது. இவற்றையே கறுப்புச் சிவப்பு மட்கலம் என்கிறார்கள். தமிழ்நாட்டு ஆதிச்சநல்லூரிலும், புத்தளத்துக்கு வடக்கே இறந்தோரைத் தாழிகளில் புதைத்த பொம்பரிப்புத் தாழிக்காட்டிலும், நமது கந்தரோடையிலும் ஆனைக்கோட்டையிலும் கிடைத்த அதே வகை. ஆனால், இந்த வகைக் கலங்கள் பல நூற்றாண்டுகள் புழங்கியவை என்பதால், ஒரு துண்டை மட்டும் வைத்துக்கொண்டு அதன் வயதைச் சொல்லிவிட முடியாது. அதைச் சொல்லக்கூடியது உங்கள் குழிதான். அந்தக் குழியைப் பற்றி நான் உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அப்படிக் கேட்காமல் விட்டதன் கனத்தை விளக்க ஆனைக்கோட்டையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அங்கிருந்த மேட்டு மண்ணை நிரவுவதற்காக அள்ளிச் சென்ற நிலையில்தான் அந்த இடத்தின் பழமை வெளிப்பட்டது. 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர், பேராசிரியர் கா. இந்திரபாலாவின் தலைமையில், அங்கே அகழ்ந்து ஈமக்குழிகளைக் கண்டார்கள். ஓர் எலும்புக்கூட்டின் அருகே சிறிய முத்திரை ஒன்று கிடந்தது. மேல் வரியில் குறியீடுகள், கீழ் வரியில் பிராமி என்னும் பழைய எழுத்துகள். அவற்றைக் 'கோவேத' என்று படித்தார்கள். கிறிஸ்துவுக்கு முற்பட்ட மூன்றாம் நூற்றாண்டளவினது என்று கருதப்படும் அந்த முத்திரை அந்த ஈமக்குழிக்குள், அந்த எலும்புக்கூட்டோடும் கறுப்புச் சிவப்புக் கலங்களோடும் சேர்ந்து கிடந்தபடியால்தான் அதற்கு அத்தனை மதிப்பு. இன்னும் நாலு லொறி மண் கூடுதலாகப் போயிருந்தால் அதுவும் எங்கோ ஒரு வீட்டின் அத்திவாரத்துக்குள் போயிருக்கும். எவராவது பின்னர் கண்டெடுத்திருந்தாலும், எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஒரு சிறு பொருளாகவே அது இருந்திருக்கும்.

1936 இல் வல்லிபுரத்தில் கிடைத்த பொற்சாசனத்தின் நிலை வேறு. அதில் அரசனின் பெயரும், நாகதீபத்தை, அதாவது அன்றைய யாழ்ப்பாணப் பகுதியை, நிருவகித்த அமைச்சனின் பெயரும் எழுதப்பட்டிருப்பதால் அது எங்கே இருந்தாலும் தானே பேசும். பானை ஓடு அப்படிப் பேசாது. ஆயினும் நம்முடைய பழங்கதையின் பெரும்பகுதியை ஓடுகள்தாம் தந்திருக்கின்றன என்பதை நீங்கள் அறிய வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு அருகே அல்லைப்பிட்டியில் 1977 இல் தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் ஆராய்ந்தவை உடைந்த சீனப் பாண்டத் துண்டுகளே. பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் இந்தக் கரைக்கு வந்த கடல் வணிகத்தை அவை காட்டின. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கட்டியதென்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் அண்மைக்காலத்தில் அகழ்ந்தபோதும், அவர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட ரௌலட்டட் ஓடுகள், அதாவது சிறு சில்லை உருட்டி வரிவரியாக அலங்காரம் பதித்த கலங்களின் துண்டுகள், வந்தன. தங்கம் கிடைத்ததா என்று அன்றைய நாளில் என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. அதில் எனக்குச் சலிப்புத்தான். உங்கள் கேள்வியையும் அந்தச் சலிப்போடுதான் கேட்டிருக்கிறேன் போலும்.

காணியைப் பற்றி உங்கள் காதில் சொல்லப்பட்டதை நான் பொருட்படுத்தாமல் விட முடியாது. தொல்பொருளின் பெயரால் நிலம் பறிபோகும் என்ற அச்சம் வடக்கில் காரணமின்றி எழுந்ததன்று. அதை வெறும் வதந்தி என்று நான் சொன்னால் நீங்கள் மீதியையும் நம்பமாட்டீர்கள். இத்தகைய பொருட்கள் அகப்பட்டால் அறிவிக்க வேண்டும் என்பது 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி கடமை என்பதையும் நான் மறைக்கக் கூடாது. என் எண்ணம் இதுதான்: இரகசியமாக வைத்தால் காணிக்குப் பாதுகாப்பு என்று நாம் நினைக்கிறோம், அதனால் உண்மையில் நடப்பது, அந்தக் காணியில் யார் வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்லும் ஆதாரத்தை நாமே அழித்துவிடுவதுதான். பிறகு அதைப்பற்றி எவரும் எதையும் சொல்லலாம், மறுக்க நம்மிடம் ஒன்றும் இராது. சட்டம் தெரிந்த ஒருவரையும் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையினரையும் கூட வைத்துக்கொண்டு, எழுத்தில் பதிந்து அறிவிப்பதே உங்களுக்கு நல்லது.

குழி இன்னும் திறந்திருந்தால், அதன் சுவரை அலவாங்காலோ மண்வெட்டியாலோ மேலும் செதுக்காமல், மழைத் தண்ணீர் இறங்காதபடி ஒரு தகரத்தை மேலே போட்டுவிடுங்கள். மூடிக் கட்டிவிட்டீர்களானால் அதிலும் குற்றமில்லை, வீட்டுக்கு மலசலகூடம் வேண்டும்தானே. எத்தனை அடி ஆழத்தில் ஓடுகள் தொடங்கின, மேலே இருந்தது செம்மண்ணா மணலா, ஊரியோ சிப்பியோ கரியோ எலும்போ கூட வந்ததா, சுண்ணாம்புக்கல் எந்த ஆழத்தில் தட்டியது என்பவை உங்களுக்கும் குழி வெட்டியவருக்கும் நினைவிருக்கும். அவற்றை உங்கள் பேத்தியைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஓடுகளைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டாம். உணவின் எச்சம் உள்ளே ஒட்டியிருந்தால் அது போய்விடும். நானே அன்று ஈரத்துணியால் துடைத்திருக்கக் கூடாது.

உங்கள் துண்டை அன்று மாலையே நிகழ்வை நடத்தியவர்களிடம் ஒப்படைத்தேன். அவர்கள் அதைச் சிறிய பொலித்தீன் பையில் இட்டு, வழமையான அட்டை ஒன்றை என்னிடம் நிரப்பத் தந்தார்கள். பொருள், நிறம், தடிப்பு, பெற்ற திகதி எல்லாம் எழுதினேன். 'கண்டெடுத்த இடம்', 'ஆழம்' என்ற இரண்டு வரிகளையும் பென்சிலால் ஒரு கோடு போட்டு விட்டிருக்கிறேன், பிறகு அழித்து எழுதலாம் என்று.

இப்படிக்கு,
அன்று மேசைக்குப் பின்னால் இருந்தவன்