வேற்றுமுகம் பார்க்காத குழந்தை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்ப்புக் குடும்பங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். தத்தெடுப்பது வேறு, பெற்றவர்களால் பார்த்துக்கொள்ள முடியாத காலத்துக்கு மட்டும் ஒரு குழந்தையை வீட்டில் வைத்து வளர்ப்பது வேறு என்பதையே பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் அதில் ஒரு இடம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. 11 மாதக் குழந்தை ஒன்று புது வீட்டுக்கு வந்த அன்று அழவே இல்லையாம், யார் தூக்கினாலும் போனதாம், ஒரே நாளில் பழகிவிட்டதாம். அதைப் பாராட்டாக எழுதியிருந்தீர்கள்.

ஒன்பது வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். (வேலை என்று சொன்னால் என் கணவருக்குக் கோபம் வரும். ஆனாலும் வேலைதான்.) இதுவரை ஆறு குழந்தைகள், எல்லோரும் மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வயிற்றைப் பிசைந்தது.

ஏழெட்டு மாதம் ஆனால் குழந்தை வேற்றுமுகம் பார்க்கிறது என்று சொல்வோம் இல்லையா? தெரியாதவர் கையை நீட்டினால் உதட்டைப் பிதுக்கும், தூக்கி வைத்திருப்பவரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். வந்தவருக்குச் சங்கடமாக இருக்கும், நாமும் 'ஒண்ணுமில்ல, வேற்றுமுகம் பார்க்கிறான்' என்று சமாளிப்போம். பழகிய முகம் என்று ஒன்று இருந்தால்தானே வேற்றுமுகம் என்று ஒன்று இருக்கும்? இயல்பிலேயே கலகலப்பான குழந்தைகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கைமாறிக் கைமாறி வந்த குழந்தை எல்லோரிடமும் ஒரே மாதிரி போகிறது என்றால், அதற்கு எந்த முகமும் தன் முகமாக இல்லையோ என்று யோசிக்கவாவது வேண்டும்.

நான்காவதாக வந்தவனைச் சின்னவன் என்றே இங்கே சொல்கிறேன். வந்தபோது 14 மாதம். எங்களுடையது அவனுக்கு நான்காவது வீடு. வந்த அன்று சாயங்காலமே நிலைப்படியில் தடுக்கி விழுந்தான். நெற்றியில் புளியங்கொட்டை அளவுக்குப் புடைத்துவிட்டது. அவன் அழவில்லை. அழாததுகூடப் பரவாயில்லை, யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. விழுந்த குழந்தை முதலில் யார் முகத்தையாவது தேடும், பார்த்த பிறகுதான் அழ ஆரம்பிக்கும். இவன் தரையைப் பார்த்தான், கையை ஊன்றி எழுந்தான், போய்விட்டான். 'என்ன சமத்து பாரு' என்றார் என் மாமியார். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்று ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவள், அவன் தொட்டில் பக்கம் எட்டிப் பார்த்தேன். கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தான். சத்தமே இல்லை. எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறானோ, தெரியாது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுதால் ஆள் வரும் என்று குழந்தைக்குத் தெரிவது, ஆள் வந்து வந்து பழகியதால். வராமலே போனால் அதையும் கற்றுக்கொள்ளும்.

அதே ராத்திரி நான் செய்த தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சின்னவன் ஒரு பழைய துண்டோடு வந்திருந்தான். ஒரு ஓரம் கிழிந்து, அழுக்கேறி, புளித்த பால் வாடை. சோப்பில் ஊறவைத்து, அலசி, காயப்போட்டு, மடித்து அவன் பக்கத்தில் வைத்தேன். சுத்தமாக வைத்துக்கொள்கிறேன் என்ற பெருமை வேறு. காலையில் அதை எடுத்து மூக்கில் வைத்து முகர்ந்தான். கீழே வைத்தான். அதற்குப் பிறகு அதை அவன் தொடவே இல்லை. முன்பிருந்த வீடுகளில் இருந்து அவன் கொண்டுவந்திருந்தது அந்த வாடை ஒன்றுதான். அதையும் நான் வாளித் தண்ணீரோடு கொட்டிவிட்டேன்.

கைக்குழந்தைக்கு என்ன மனநலம் என்று சிரிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை மனம் கல்லு, இரண்டு நாளில் மறந்துவிடும் என்பார்கள். அதே வாயால், அம்மா ஊருக்குப் போய்விட்டால் குழந்தை ஏங்கிப்போயிற்று, ஏக்கத்தில் காய்ச்சல் வந்துவிட்டது என்றும் சொல்வார்கள். காய்ச்சல் எதனால் வந்ததோ, ஏக்கம் உண்மை.

லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன், ஜாய்ஸ் ராபர்ட்சன் என்று ஒரு தம்பதி இதைப் படம்பிடித்தே காட்டினார்கள். ஜான் என்ற 17 மாதப் பையன், அம்மா பிரசவத்துக்குப் போயிருந்த ஒன்பது நாள் ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருந்தான். 1969இல் வெளிவந்த படம் அது. அங்கே யாரும் அவனை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. செவிலிப் பெண்கள் நல்லவர்கள்தான், ஆனால் முறை மாற்றி மாற்றி வந்தார்கள். அவன் ஒவ்வொருத்தியிடமும் போய் நின்று பார்த்தான். கடைசியில் ஒரு பெரிய கரடி பொம்மையைக் கட்டிக்கொண்டான். ஒன்பதாம் நாள் அம்மா வந்தபோது அவரிடம் போக மாட்டேன் என்று திமிறி அழுதான். அதே தம்பதி தங்கள் வீட்டிலேயே நான்கு குழந்தைகளைத் தனித்தனியாகக் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். முன்கூட்டியே பழகி, அவர்களுடைய வழக்கங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அம்மாவைப் பற்றிப் பேச்சு விட்டுப்போகாமல் வளர்த்தார்கள். அந்தக் குழந்தைகளும் வருத்தப்பட்டன, ஆனால் ஜானைப் போல உடைந்துபோகவில்லை. பிரிவு ஜானுக்கும் இவர்களுக்கும் பிரிவுதான். கை ஒன்றாக இருந்ததா, பலவாக இருந்ததா என்பதுதான் வித்தியாசம்.

ருமேனியாவின் புக்கரெஸ்ட் ஆய்வு இன்னும் கனமானது. சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகிய மூவரும் நடத்தியது. காப்பகங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் தேறினார்கள். அதிலும் இரண்டு வயதுக்கு முன்பே போனவர்களுக்கு ஒருவரிடம் ஒட்டிக்கொள்ளும் தன்மையும் மூளையின் மின் இயக்கமும் கூடுதலாகத் தேறியிருந்தன. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களைக் குடும்பச் சூழலில்தான் வைக்க வேண்டும் என்று ஐ.நா.வும் 2009இல் வழிகாட்டு நெறியாகவே சொல்லிவிட்டது. சரி, குடும்பத்தில் வைத்தாகிவிட்டது. அந்தக் குடும்பமே வருடத்துக்கு மூன்று முறை மாறினால்?

சின்னவன் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. தூக்கினால் கட்டைபோல் இருப்பான், சில சமயம் கையால் தள்ளுவான். தள்ளும் குழந்தையிடமிருந்து நாமும் விலகிவிடுகிறோம், 'அவனுக்குப் பிடிக்கவில்லை போல' என்று. அமெரிக்காவில் மேரி டோசியர் என்ற உளவியலாளர் வளர்ப்புப் பெற்றோருக்கென்றே பத்து வீட்டுச் சந்திப்புகள் கொண்ட ஒரு பயிற்சியை உருவாக்கியிருக்கிறார். குழந்தை வேண்டாம் என்பதுபோல் நடந்துகொண்டாலும் ஆறுதலை நிறுத்தாதீர்கள் என்பது அதில் முக்கியமான பாடம். எனக்கு அப்படி யாரும் வீடு தேடி வந்து சொல்லித்தரவில்லை. பின்னாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்போது நான் செய்தது ஒன்றுதான்: அவன் விழுந்தால், அழுதாலும் அழாவிட்டாலும், போய் உட்கார்ந்து 'வலிக்குதா கண்ணு' என்று கேட்பேன். ராத்திரி அவன் சத்தம் போடாவிட்டாலும் ஒருமுறை எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் கணவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. தூங்குகிற குழந்தையை எழுப்புகிறாயே என்பார். அவன் தூங்கவில்லை என்பது எனக்குத்தான் தெரியும்.

நான்காவது மாதம் ஒரு மத்தியானம் நாற்காலிக் காலில் இடித்துக்கொண்டான். நின்றான். திரும்பினான். என்னைப் பார்த்தான். முகம் கோணிக்கொண்டு வந்தது, அப்புறம் வீடே அதிர்கிற மாதிரி ஒரு அழுகை. ஓடி வந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டான். அன்று முதல் இரண்டு மாதம் என்னைக் குளியலறைக்குக்கூட விடவில்லை. வருகிறவர்கள் எல்லாம் 'வந்தப்போ எவ்வளவு சமத்தா இருந்தான், செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க' என்றார்கள். நான் தேதியைக் குறித்துவைத்திருக்கிறேன்.

ரொம்ப ஒட்டிக்கொள்ளாதீர்கள், பிரியும்போது கஷ்டம் என்ற அறிவுரையும் நிறையக் கேட்டிருக்கிறேன். கஷ்டம்தான். அந்தக் கஷ்டத்தைப் பெரியவர்கள் பட்டுக்கொள்ளட்டும். ஒட்டாமல் வளர்த்துக் குழந்தையை மிச்சப்படுத்த முடியாது.

பிரிக்கிற விதம்தான் எனக்கு ஆறாத மனக்குறை. முதலில் வந்த பெண் குழந்தை எங்களிடம் எட்டு மாதம் இருந்தாள். ஒருநாள் காலை பத்து மணிக்குக் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து போன், பதினோரு மணிக்கு வாசலில் வண்டி. 'நீங்கள் வெளியே வராதீர்கள், பார்த்தால் அழுவாள்' என்றார்கள். நான் சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றேன். அவள் என்னைக் கூப்பிடுவது கேட்டது. வண்டிக் கதவைச் சாத்தியதும் நின்றுவிட்டது. சொல்லிக்கொள்ளாமல் காணாமல்போன ஆள் என்றுதான் என்னை அவள் அறிந்திருப்பாள். அழைத்துப்போக வந்த அதிகாரி கெட்டவர் இல்லை, அவருக்கும் அழுகைச் சத்தம் பொறுக்கவில்லை.

சின்னவனுக்கு அப்படி ஆகவிடக் கூடாது என்று சண்டை போட்டேன். அவன் அம்மா நீண்ட சிகிச்சையில் இருந்தார். நடுவில் அவர் வந்து பார்த்துவிட்டுப் போனால் சின்னவன் இரண்டு நாள் தூங்க மாட்டான். 'சந்திப்பை நிறுத்திவிடலாமா?' என்று கேட்டார்கள். கூடாது, அவனுக்கு அவர் முக்கியம் என்பதால்தான் தூக்கம் போகிறது என்றேன். அவர் குணமானதும், அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒப்படைக்க 16 நாள் கேட்டு வாங்கினோம். முதல் நாட்களில் அவர் எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவரே பாலைக் கொடுத்தார், குளிப்பாட்டினார், தூங்கவைத்தார். அப்புறம் நானும் அவனுமாக அவர் வீட்டுக்குப் போனோம். கதவு அடித்துச் சாத்தினால் பயப்படுவான், தூக்கம் வந்தால் தன் காதை உருட்டுவான் என்றெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். என் தலையணை உறையையும் கொடுத்தேன். துவைக்காதீர்கள் என்று சொல்லத்தான் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

உங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை அலுவலகங்களுக்குப் போனால், குழந்தையோடு கூடவே வரும் படிவத்தைக் கேட்டுப் பார்க்கட்டும். எனக்கு வந்தவற்றில் எடை இருந்தது, உயரம் இருந்தது, தடுப்பூசி தேதிகள் இருந்தன. இந்தக் குழந்தை விழுந்தால் யாரிடம் ஓடுகிறது என்று ஒரு கேள்வி கிடையாது. இதுவரை எத்தனை கை மாறியது, எதை வைத்துக்கொண்டு தூங்கும் என்பதும் கிடையாது. ஒரு பக்கம் கூட வேண்டாம், நாலு வரி போதும்.

சின்னவனை மாதம் ஒருமுறை நான் போய்ப் பார்க்கலாம் என்று அவன் அம்மாவே சொல்லியிருந்தார். முதல் மாதம் போனேன். கதவோரம் நின்று கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான், பிறகு ஒரு மூடியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ஓடிவந்து தரைவிரிப்பு தடுக்கி விழுந்தான். நானும் எழுந்தேன், அவன் அம்மாவும் எழுந்தார். அவன் அழுதுகொண்டே என்னைத் தாண்டி ஓடினான்.

இப்படிக்கு,
ஒரு வளர்ப்புத் தாய்