இந்தியர் நற்பணிச் செயற்குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சமூக மன்ற மேலாண்மைக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல், தீபாவளி நிகழ்ச்சிகளின் விவரமும் வரவுசெலவுக் கணக்கும் தனித்தாளில் உங்கள் கைகளில் உள்ளன. அவற்றை மீண்டும் வாசித்து நேரத்தைக் கடத்த விரும்பவில்லை. இவ்வறிக்கை முழுவதையும், சென்ற பொதுக்கூட்டத்தில் நீங்கள் எங்களிடம் ஒப்படைத்த அவசரகாலத் தயார்நிலைப் பயிற்சிக்கே ஒதுக்கியுள்ளேன். பயங்கரவாதம் போன்ற பெரிய விவகாரத்தில் ஒரு நற்பணிக் குழுவுக்கு என்ன வேலை என்று அன்று சிலர் கேட்டது நினைவிருக்கும். அது நியாயமான கேள்விதான்.

பயங்கரவாதத்தை எதிர்கொள்ளப் பொதுமக்களைத் தயார்படுத்துவதற்காகச் சிங்கப்பூரில் 2016இல் தொடங்கப்பட்ட எஸ்ஜி செக்யூர் தேசிய இயக்கம், தாக்குதல் நடக்கும் இடத்தில் அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு ஓடு, ஒளி, சொல் என்ற மூன்று சொற்களையும், காயப்பட்டவர் அருகில் இருப்பவர்களுக்கு அழுத்து, கட்டு, சொல் என்ற மூன்று சொற்களையும் கற்பிக்கிறது. இவற்றைத் தமிழிலேயே விளக்கி, கையால் செய்து பார்க்க வைப்பதற்காக மூன்று மாலைகளில் பயிற்சி நடத்தினோம்.

முதல் மாலையில் இரத்தப்போக்கை நிறுத்தும் முறையைப் பழகினோம். காயத்தின்மேல் துணியை வைத்து முழு பலத்தோடு அழுத்துவது, கைகால்களில் அதற்கும் நிற்காவிட்டால் காயத்துக்குச் சற்று மேலே, மூட்டின்மீது படாமல், அகலமான துணியால் கட்டி, ஒரு குச்சியைச் செருகி இரத்தம் நிற்கும்வரை முறுக்குவது, கட்டிய நேரத்தைக் குறித்துவைப்பது ஆகியவை கற்றுத்தரப்பட்டன. குச்சிக்குப் பதிலாக ஒரு பாட்டி தம் வீட்டு மரக்கரண்டியைக் கொண்டுவந்திருந்தார். அன்று மிகச் சரியாக முறுக்கியவரும் அவரே.

இரண்டாம் மாலையில் இதயத் துடிப்பு நின்றவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்தும் சிபிஆர் பயிற்சியும், நம் அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளத்தில் பொருத்தப்பட்டுள்ள, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியைக் கையாளும் பயிற்சியும் நடந்தன. அக்கருவியைத் தினமும் கடந்து செல்பவர்களுள் பலர், அதன் பெட்டியைப் பொதுமக்களே திறக்கலாம் என்பதை அன்றுதான் அறிந்துகொண்டார்கள். 400 மீட்டர் சுற்றளவில் யாருக்கேனும் இதயத் துடிப்பு நின்றுவிட்டால் தெரியப்படுத்தும் மைரெஸ்பாண்டர் செயலியையும் பலர் கைப்பேசியில் இறக்கிக்கொண்டனர்.

மூன்றாம் மாலைதான் எங்களைத் திகைக்க வைத்தது. இரு பட்டியல்களிலும் கடைசியாக வரும் ‘சொல்’ என்பதே எளிதானது என்று நாங்கள் எண்ணியிருந்தோம். பயிற்றுநர் ஒருவர் காவல்துறையின் 999 எண்ணில் அழைப்பை ஏற்கும் அதிகாரியாக நடித்து, “எங்கே இருக்கிறீர்கள்?” என்று கேட்டார். முப்பது ஆண்டுகளாக அதே புளோக்கில் குடியிருக்கும் ஓர் அம்மா, “பிள்ளைங்க விளையாடுற இடத்துக்குப் பின்னாடி, பழைய ரொட்டிக் கடை இருந்ததே, அங்கதான்” என்றார். ரொட்டிக் கடை மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. சிரித்தவர்களுள் பலருக்கும் தம் முறை வந்தபோது அஞ்சல் குறியீடு வாயில் வரவில்லை. ஒவ்வொரு புளோக்குக்கும் தனி ஆறிலக்கக் குறியீடு இருப்பதால், அந்த ஆறு இலக்கங்களைச் சொன்னாலே போதும், வண்டி சரியான புளோக்கைத் தேடி வந்துவிடும். ஒளிந்திருக்கும்போது பேச முடியாது என்பதால், கைப்பேசியின் ஒலியை அணைத்துவிட்டு 70999 எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் முறையையும் அங்கேயே செய்து காட்டினோம்.

எங்கள் பக்கம் நேர்ந்த ஒரு பிழையையும் பதிவு செய்ய வேண்டும். கீழ்த்தளத்தில் நடத்திய ஒத்திகையைப் பற்றிப் பங்கேற்பாளர்களுக்கு மட்டுமே முன்னறிவிப்புச் செய்திருந்தோம். மின்தூக்கியிலிருந்து வெளியே வந்த சீன முதியவர் ஒருவர், ஆட்கள் ஓடுவதைக் கண்டு உண்மையென்றே நம்பி, நடுங்கியபடி மீண்டும் மின்தூக்கிக்குள் சென்றுவிட்டார். தலைவரும் நானும் அன்றிரவே அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். இனி எந்த ஒத்திகைக்கும் ஒரு வாரத்துக்கு முன்பே நான்கு மொழிகளிலும் அறிவிப்பு ஒட்டப்படும்.

‘சொல்’ என்பதற்கு மற்றொரு பொருளும் உண்டு. பெற்றோருக்கான கலந்துரையாடலில் அதைத்தான் பேசினோம். 2001 டிசம்பரில் ஜெமா இஸ்லாமியா பயங்கரவாத வலைப்பின்னலைச் சேர்ந்த 15 பேர் இங்குக் கைது செய்யப்பட்டனர். ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையத்தை அவர்கள் வேவு பார்த்து எடுத்த காணொளி ஆப்கானிஸ்தானில் கண்டெடுக்கப்பட்டது. அந்தப் புலனாய்வுக்கு வழி திறந்தது, சிங்கப்பூர் முஸ்லிம் ஒருவர் ஒரு நபரைப் பற்றித் தாம் அறிந்ததை அதிகாரிகளிடம் சொன்னதுதான். 2020 டிசம்பரில் தடுத்துவைக்கப்பட்ட 16 வயது மாணவரின் விவகாரத்தில் அப்படிச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. 2019இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரப் பள்ளிவாசல்களில் 51 பேரின் உயிரைப் பறித்த தாக்குதலின் இரண்டாம் ஆண்டு நாளில், தம் வீட்டுக்கு அருகிலிருந்த இரு பள்ளிவாசல்களைத் தாக்க அவர் திட்டமிட்டிருந்தார். அவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த கிறிஸ்துவர். இணையத்தில் கண்டவற்றால் தாமாகவே தீவிரவாதத்துக்குத் திரும்பியவர். குடும்பத்தாருக்கு அவருடைய திட்டம் தெரியாது. இது வேறு சமூகத்தாரின் பிரச்சினை என்று நம்மவர்கள் ஒதுங்கிக்கொள்ள இடமில்லை என்பதற்காகவே இதை அன்று வெளிப்படையாக எடுத்துச் சொன்னோம்.

பிள்ளையைப் பற்றி உள்துறைப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிப்பதா என்று பெற்றோர் தயங்கியது புரிந்துகொள்ளக்கூடியதே. குற்றம் நடக்கும் முன்பே தெரிவித்தால் ஆலோசனைக்கும் மறுவாழ்வுக்கும் வழி இருக்கிறது என்று விளக்கியபின், 1800-2626-473 என்ற எண்ணைச் சிலர் குறித்துக்கொண்டனர். எல்லாருடைய தயக்கமும் தீர்ந்தது என்று நான் இங்கே எழுதினால் அது பொய்யாகும்.

இளையர்கள் மிகக் குறைவாகவே வந்தார்கள். பயிற்சி நாள்களைத் தேர்வுக் காலத்தில் வைத்தது எங்கள் தவறு. அவசரகாலத்தில் ஒதுங்குவதற்காக வீட்டுக்குள் கட்டப்பட்ட வலுவான அறையான வீட்டுப் புகலிடம் பற்றிய அமர்வும் பாதியில் நின்றது. புகலிட அறையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதும் முறுக்கு டின்களும் பழைய பாய்களுமாகப் பட்டியல் நீண்டுகொண்டே போனதால், நேரம் போதவில்லை. அதை வரும் ஆண்டில் தனியாக நடத்துவோம். நம் வட்டாரக் கட்டுமானத் தளங்களில் வேலை செய்யும் தமிழகத் தொழிலாளர்களுக்காக ஞாயிறு மாலை அமர்வு ஒன்றையும் திட்டமிட்டுள்ளோம். புளோக் எண் இல்லாத இடத்தில் இருப்பிடத்தை எப்படிச் சொல்வது என்பதிலிருந்தே அது தொடங்கும்.

வாசலருகே உள்ள மேசையில் அட்டைகள் வைக்கப்பட்டுள்ளன. மேல்வரியில் காவல்துறைக்கான 999, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்குமான 995, குறுஞ்செய்திக்கான 70999 ஆகிய எண்கள் அச்சிடப்பட்டுள்ளன. கீழே ஆறு கட்டங்கள் காலியாக உள்ளன. உங்கள் புளோக்கின் அஞ்சல் குறியீட்டை இங்கேயே எழுதி எடுத்துச்செல்லுமாறும், நினைவில் இல்லாதவர்கள் துணைச் செயலாளரிடம் கேட்டுக்கொள்ளுமாறும் வேண்டுகிறேன்.

இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்கூட்டத்தைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்