சபாபதி ஐயாவின் பெயரால் கூடிய எல்லோருக்கும்

அன்பான உறவுகளே, அயலவர்களே,

போன ஞாயிறு பின்னேரம், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்ஸின் மொட்டைமாடியில், யாழ்ப்பாணத்தின் முதல் மேயரும் யாழ் பொது நூலகம் எழப் பாடுபட்டவருமான சாம் ஏ. சபாபதியை நினைத்து ஒரு சின்னக் கூட்டம் வைத்தோம். பதினைந்து பேர் வந்தாலே போதும் என்று நினைத்து இருபது கதிரைதான் எடுத்திருந்தேன். நாற்பது பேருக்கு மேல் வந்துவிட்டீர்கள். கடற்காற்றில் ஒன்றரை மணித்தியாலம் நின்றுகொண்டே கேட்டவர்களுக்கு முதல் நன்றி.

யாழ் நூலகம் என்றதும் எங்கள் வாயில் வருவது 1981தான். எரிந்த கதையைச் சொல்லிச் சொல்லியே கட்டிய கதையை விட்டுவிட்டோமோ என்ற கவலை எனக்குப் பல வருடமாக உண்டு. அதனால்தான் அன்றைக்கு நெருப்பைப் பற்றிப் பேச வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டிருந்தேன். அதற்கு எல்லோரும் இசைந்தீர்கள்.

பேசிய ரீச்சர் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. 1933இல் கே. எம். செல்லப்பா தன் வீட்டிலேயே புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து ஆரம்பித்தார். 1949இல் நகரசபை மாநகரசபையாகி, சபாபதி மேயரானார். நூலகத்துக்குக் கட்டடம் எழுப்ப, கத்தோலிக்கப் பாதிரியார் லோங் அடிகளாரும் அவருமாக ஓடித்திரிந்தார்கள். களியாட்ட விழா நடத்திக் காசு சேர்த்தார்கள். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனிடம் ஆலோசனை கேட்டார்கள். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் போட்டார். 1954இல் அடிக்கல். 1959இல் நூலகம் திறந்தபோது மேயர் கதிரையில் இருந்தது வேறொருவர். இதைச் சொல்லும்போது அக்காவின் குரல் இறங்கிவிட்டது. தான் நாடா வெட்டாத கட்டடத்துக்காக இவ்வளவு பாடுபட்ட மனிதரை நாங்கள் இன்னும் கூடுதலாக நினைத்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குப் பட்டது.

பாதியில் கரண்ட் போனது. கீழ்வீட்டுச் சிங்களக் குடும்பம், நாங்கள் கேட்காமலே சார்ஜ் லைட் இரண்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தாங்களும் இருந்து கேட்டார்கள். அவர்களுடைய மகள் பக்கத்திலிருந்த தம்பியிடம் கேட்டுக் கேட்டு விளங்கிக்கொண்டாள். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த தம்பிக்கும் நன்றி. வடையும் பிளேன் டீயும் அனுப்பிவிட்டுக் காசு வாங்க மறுத்த சந்திக்கடை அண்ணா, மனம் நிறைந்த நன்றி.

கடைசியாக, தெஹிவளையிலிருந்து வந்த மாமி. கூட்டம் முடியும் நேரம் எழும்பி, கைப்பையிலிருந்து ஒரு பொலித்தீன் பொதியை எடுத்தார். உள்ளே கெட்டி அட்டைத் தாவரவியல் புத்தகம். முதல் பக்கத்தில் மங்கிய ஊதா முத்திரை: யாழ்ப்பாணம் பொது நூலகம். பின்னட்டைத் தாளில், திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி 1981 ஜூன் 5. “படிச்சு முடிச்சிட்டன், குடுக்கத்தான் இடமில்லாமல் போச்சு” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மாமி, புத்தகத்தை என்னை நம்பித் தந்ததற்கு நன்றி. இப்போது என் மேசையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு யாழ்ப்பாண பஸ்ஸுக்கு சீட் போட்டுவிட்டேன். சனி காலை நூலகத்தில் கொடுத்துவிட்டு உங்களுக்குக் கோல் எடுக்கிறேன்.