பத்து டர்போ, ஒரே பில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வத்தலக்குண்டில் பதினான்கு வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். சொந்த வண்டி, 2014 டிசையர் டீசல். எங்கள் ஸ்டாண்டில் இதே 1.3 லிட்டர் இன்ஜின் வண்டிகள் பத்துக்கு மேல் நிற்கின்றன. 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார் போடுவதை நிறுத்திவிட்டதால், இருப்பதைத்தான் கட்டிக் காப்பாற்றுகிறோம். கொடைக்கானல் ஏறி இறங்கும் வண்டிக்கு, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவால் தலைவலி எப்போதும் உண்டு. ஏற்றத்தில் இழுவை குறையும், விசில் சத்தம் கேட்கும். பின்னால் நீலப் புகை வந்துவிட்டால் பர்ஸைத் திறக்க வேண்டியதுதான்.

முழு டர்போ மாற்றினால் இருபதாயிரத்தைத் தாண்டும். அதனால் உள்ளே சுற்றும் காட்ரிட்ஜை மட்டும் மாற்றுவோம், அதுவும் கம்பெனி ஒரிஜினல் அல்லாத வெளிச்சாமான். இங்கே கடையில் ஒன்று 6,500 ரூபாய். பத்தாக எடுத்தால் 4,800 என்றார் வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர். சரி, சேர்ந்து வாங்கலாம் என்று நான்தான் முன்னால் நின்றேன். வசூலுக்கே மூன்று வாரம் ஓடியது. ஒருவர் வீட்டில் காதுகுத்து. இன்னொருவர் பாதியைக் கொடுத்து, மீதி பெட்டி வந்ததும் என்றார். பெட்டி வந்து ஐந்து மாதம் ஆகிறது.

பில் இல்லாமல் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று வியாபாரி ஆசை காட்டினார். வேண்டாம், பில் போடுங்கள் என்றேன். அதிலேயே பெரிய புத்திசாலி ஆகிவிட்டதாக எனக்கு நினைப்பு. வந்த பில்லில் ஒரே வரி: டர்போ காட்ரிட்ஜ், எண்ணிக்கை 10. என் பெயர். எந்த உருப்படிக்கும் வரிசை எண் இல்லை. ஆறு மாத வாரண்டி என்பது அடியில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு.

இரண்டு மாதத்துக்குள் இரண்டு காட்ரிட்ஜ் போய்விட்டது. ஒன்று எங்கள் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். மெக்கானிக், இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டுக்குப் பேஸ்டை அள்ளி அப்பியிருந்தார். கழற்றிப் பார்த்தால் துவரம்பருப்பு அளவு பேஸ்ட் ஆயில் துளையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் ஷாஃப்ட், ஆயில் இல்லாமல் எத்தனை நேரம் தாங்கும்?

இன்னொன்று என் வண்டியில் போட்டது. ஆயில், ஃபில்டர், ஆயில் குழாய் எல்லாம் புதுசு. 1,100 கிலோமீட்டரில் ஷாஃப்ட் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்துவிட்டது. ஃபேன் இதழ்களின் நுனி சுற்றுச்சுவரில் உரசி, பிளேடு போல மின்னியது. இதைச் சாமானின் குறை என்று எங்கள் ஊர் மெக்கானிக்குகள் மூன்று பேர் சொன்னார்கள்.

வியாபாரி இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார். “ஒன்றில் பேஸ்ட் இருக்கிறது, உங்கள் ஆட்களுக்கு மாட்டத் தெரியவில்லை” என்றார். எது யார் வண்டியில் இருந்தது என்று காட்ட எண் இருந்தால்தானே? அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: “பத்து வாங்கி விற்கிற உங்களுக்கு வாரண்டி எதற்கு?”

அதுதான் உறைத்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்தப் பிழைப்புக்காக வாங்கிப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். ஒரு காட்ரிட்ஜ் வாங்கியிருந்தால் நான் அந்தக் கணக்கில் வருவேன். பத்து வாங்கியதால் பில்லைப் பார்க்கிறவருக்கு வியாபாரியாகத் தெரிகிறேன். மற்ற ஒன்பது பேர் கையில் காகிதமே இல்லை.

சேர்ந்து வாங்கும் ஸ்டாண்டுக்காரர்களுக்காகவே இதை எழுதுகிறேன். விலை மொத்தமாகப் பேசுங்கள், பில்லை ஆளுக்கொன்றாகக் கேளுங்கள். அதில் உருப்படியின் எண்ணும் வாரண்டிக் காலமும் இருக்கட்டும். எண் இல்லாத சாமான் என்றால், பெட்டியை எல்லாருக்கும் முன்னால் பிரித்து, அங்கேயே குறி போட்டுப் படம் எடுத்துவிடுங்கள். பத்து பில் எழுத ஒரு கடைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. மறுத்தால், பணம் கட்டும் முன்பே கடையைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம்.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மீதி எட்டு காட்ரிட்ஜும் நன்றாக ஓடுகின்றன, அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தத் தெம்பில், அடுத்து கிளட்ச் செட் சேர்ந்து வாங்கலாம் என்று ஸ்டாண்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. வசூல் நோட்டை என்னிடம் நீட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
வாடகைக் கார் ஓட்டுநர்,
வத்தலக்குண்டு.