செயற்கைக்கோள் சேவையில் தங்குகடல் படகுகளுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு,

செயற்கைக்கோள் வழியே இணையம் தரும் ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் இந்தியாவில் உரிமம் கிடைத்ததிலிருந்து மாதக் கட்டணம் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்றுதான் எங்கும் பேச்சு. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் கேட்பது வேறு: ஆழ்கடலில் இருக்கும் விசைப்படகுக்கு இதனால் என்ன பயன்?

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் படகுகள் தங்குகடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே கைபேசி சிக்னல் போய்விடும். வயர்லெஸ் பக்கத்துப் படகோடு பேசத்தான் உதவும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் எச்சரிக்கை வந்தபோது எத்தனையோ படகுகள் ஏற்கெனவே நடுக்கடலில் இருந்தன. அவர்களிடம் சொல்ல வழியில்லாமல் போனது.

அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2019இல் வந்த ஜெமினி கருவியில் எச்சரிக்கை வரும், பதில் அனுப்ப முடியாது. இப்போது ரூ.364 கோடியில் 1 லட்சம் படகுகளுக்கு, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவியைப் பொருத்தும் திட்டம். இதில் இருபக்கமும் குறுஞ்செய்தி போகும். நல்ல திட்டம்தான். ஆனால் வலை இழுக்கும்போது ஒருவர் கை நசுங்கிவிட்டால், டாக்டரிடம் குறுஞ்செய்தியில் எவ்வளவு கேட்க முடியும்?

பேச வழி வந்துகொண்டிருக்கிறது. 2025 டிசம்பர் 24 அன்று நம் எல்விஎம்3 ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏற்றிச்சென்ற அமெரிக்காவின் புளூபேர்ட் செயற்கைக்கோள், சாதாரணக் கைபேசியோடு நேரடியாகத் தொடர்பு கொள்வதற்கானது. பழைய வகை செயற்கைக்கோள்கள் 36,000 கி.மீ. உயரத்தில் நிற்பவை. புளூபேர்ட் போன்றவை சில நூறு கி.மீ. உயரத்தில் பெரிய ஆன்டெனாவோடு சுற்றுவதால், கைபேசியின் சின்ன சிக்னலையும் பிடித்துவிடும். தனியாக டிஷ் வேண்டாம்.

பாதுகாப்புக் கவலை இருக்கும், தெரியும். துரையா, இரிடியம் செயற்கைக்கோள் போன்களுக்கு இங்கே தடை. அனுமதியுள்ள இன்மார்சாட்டோ சாதாரண மீனவருக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் படகுக்குப் பதிவு எண் இருக்கிறது, மீனவரிடம் அடையாள அட்டை இருக்கிறது. இணைப்பைப் படகின் பெயரிலேயே கொடுத்தால் யார் பேசுகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

கைபேசிக்கு நேரடிச் சேவை தர அனுமதி கொடுக்கும்போதே மத்திய அரசு இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டும். கரையிலிருந்து 200 கடல் மைல் வரையுள்ள நம் பொருளாதார மண்டலம் முழுவதும் அவசர அழைப்பு இலவசமாக இருக்க வேண்டும். அதோடு, மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். கரையில் கட்டிக் கிடக்கும் படகுக்கு அந்த 61 நாட்களுக்கும் கட்டணம் வாங்கக் கூடாது.

- ஒரு வாசகர், குளச்சல்