அந்த ஆப்பைப் போடும் முன்

அன்பு அம்முவுக்கு,

போனில் நெட் இழுத்துக்கொண்டே இருக்கிறது, வேகமும் பாதுகாப்பும் தரும் என்று தோழி ஒரு இலவச விபிஎன் ஆப்பைச் சொன்னாள், போடலாமா என்று கேட்டிருந்தாய். போடாதே. காரணத்தை வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் கடிதம்.

விபிஎன் போட்டால் போனிலிருந்து போவது, வருவது எல்லாமே அந்த ஆப்காரரின் சர்வர் வழியாகத்தான். சுற்றுவழி என்பதால் வேகம் பெரும்பாலும் குறையும். அதைவிட எனக்குக் கவலை தருவது, அந்த சர்வரை நடத்துகிறவர் யார், இலவசமாகக் கொடுத்துவிட்டு எதில் சம்பாதிக்கிறார் என்று தெரியாததுதான். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வாய்?

உனக்கு வேண்டியது அதைவிடச் சின்ன வேலை. ஒரு தளத்தின் பெயரை நீ தட்டியதும், அந்தப் பெயருக்கு உரிய எண் முகவரி எது என்று போன் முதலில் ஒரு டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். பதில் வந்த பிறகுதான் பக்கம் திறக்கத் தொடங்கும். கணினி அறிஞர் பால் மோக்கபெட்ரிஸ் 1983-இல் வடிவமைத்த முறை இது. அன்று நெட்டில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர். கேள்வியும் பதிலும் பூட்டு இல்லாமலே, அதாவது வழியில் இருப்பவர் படிக்கும்படியே போயின. நாமாக மாற்றாவிட்டால் இன்றும் பல போன்களில் அப்படித்தான் போகின்றன. பேங்க் பக்கம், தளத்துக்கும் போனுக்கும் நடுவே போவதைப் பூட்டும் எச்டிடிபிஎஸ்ஸில் பத்திரமாக இருக்கலாம். ஆனால் நீ எந்த பேங்கை, எந்த மருத்துவமனையைத் தேடினாய் என்ற பெயர் வழியில் இருப்பவர்கள் கண்ணில் படும். பொது வைஃபையில் பதிலையே மாற்றி உன்னைப் போலித் தளத்துக்குத் திருப்பவும் முடியும். எச்டிடிபிஎஸ் தளமானால், அப்போது அதன் அடையாளச் சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் எச்சரிக்கும். எவ்வளவு அவசரமானாலும் அதைத் தாண்டிப் போகாதே, அம்மு.

2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் இதற்குப் பூட்டு போனிலேயே இருக்கிறது. செட்டிங்ஸைத் திறந்து மேலே ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்று தேடு. ஆஃப், ஆட்டோமேட்டிக், அப்புறம் சர்வர் பெயரை நாமே எழுதும் கட்டம் என்று மூன்று வரும். ஆட்டோமேட்டிக் போதாது: நெட்வொர்க்கின் சர்வருக்குப் பூட்டும் வசதி இல்லையென்றால் உன்னிடம் சொல்லாமலே பழையபடி திறந்துதான் அனுப்பும். மூன்றாவதைத் தேர்ந்தெடு. கிளவுட்ஃப்ளேர் 2018 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய 1.1.1.1 என்ற டிஎன்எஸ் சர்வர் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். வேகமானதுதான், ஆனால் அந்தக் கட்டம் எண்ணை ஏற்காது, பெயர்தான் வேண்டும். உனக்கு நான் சொல்வது குவாட்9 என்ற டிஎன்எஸ் சேவை. மோசடித் தளம் என்று தெரிந்த பெயர்களுக்கு அது முகவரியே தராது. டிஎன்எஸ், புள்ளி, குவாட்9, புள்ளி, நெட் என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் (dns.quad9.net) தட்டிச் சேமி.

இதனால் எல்லாம் மறைந்துவிடும் என்று நினைத்துவிடாதே. நீ எந்தத் தளத்துடன் தொடர்பு கொள்கிறாய் என்பதை நெட் கொடுக்கும் நிறுவனம் வேறு வழிகளில் ஊகிக்க முடியும். குவாட்9-உம் உன் கேள்விகளைப் பார்க்கும் இடத்தில்தான் இருக்கிறது. தெரியாத ஆப்காரரை விட அதை நம்பலாம் என்பது என் கணக்கு.

வேகத்துக்கு வருகிறேன். டிஎன்எஸ் மாற்றினால் பக்கம் திறக்கும் முன் வரும் அந்தச் சின்னத் தயக்கம் குறையலாம். வீடியோ வேகமாக இறங்காது. நீ சொன்ன இழுவைக்குப் பெரும்பாலும் காரணம் விளம்பரங்களும் பின்தொடரும் நிரல்களும். ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால் போன் பத்து, இருபது வேறு இடங்களிலிருந்தும் எதையாவது இழுக்க வேண்டியிருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைப் போட்டு, அதில் இவற்றைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியைச் சேர். டேட்டாவும் மிச்சமாகும்.

ஓட்டல், விமான நிலைய வைஃபையில் உள்நுழையும் பக்கம் வராமல் அடம்பிடித்தால் பிரைவேட் டிஎன்எஸ்ஸை ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றி, உள்ளே போனதும் மறக்காமல் திரும்பப் போடு.

ஒருவேளை அந்த ஆப்பை ஏற்கெனவே போட்டிருந்தால் பரவாயில்லை, இன்றே நீக்கிவிடு. நீக்கிய பிறகு செட்டிங்ஸில் விபிஎன் பகுதியில் அதன் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார். எங்காவது சிக்கினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பு, ராத்திரி எந்நேரமானாலும் சரி.

அன்புடன்,
அப்பா