குடியாத்தம் மாமாவுக்கு: சைக்கிளில் மலையேறிய கதை

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்கள், அத்தை, பாட்டி எல்லோரும் நலமா? சாமான் கட்டிய சைக்கிளோடு நான் எடுத்து அனுப்பிய போட்டோவை உங்கள் சைக்கிள் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறீர்கள் என்று அம்மா சொல்லித் தெரிந்தது. "அவ்வளவு சாமானையும் கட்டிக்கிட்டு இந்தப் பொண்ணு எப்படி மேடு ஏறுச்சு?" என்று கேட்டீர்களாம். அம்மாவின் கேள்வி வேறு: "வீடு வாசல் இல்லாதவ மாதிரி ஏன் வயல்ல போய்ப் படுத்தே, அதுவும் தனியா?" இரண்டுக்கும் போனில் பதில் சொல்லி முடியாது, டியூட்டி இல்லாத நாளாகப் பார்த்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வண்டி. உங்கள் வாடகை வண்டிகளில் முன்னால் செயின் வீலுக்கு 44 பல், பின்னால் ஃப்ரீவீலுக்கு 18. பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் போகும். குடியாத்தம் கடைத்தெருவுக்கு அது போதும், மேட்டில் முட்டி கழன்றுவிடும். என் வண்டியில் முன்னால் இருக்கிற சின்னதில் 30 பல், பின்னால் இருக்கிற பெரியதில் 34. இரண்டிலும் செயினைப் போட்டுவிட்டால் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர்கூட நகராது. நடக்கிற வேகம்தான், மூச்சு வாங்கும், ஆனால் எழுந்து நின்று மிதிக்க வேண்டியதில்லை. சாமானையும் முதுகில் சுமக்கவில்லை. கேரியரின் இரு பக்கமும் தாழ்வாகத் தொங்குகிற பை இருக்கிறது, டென்ட், தூங்குகிற பை, அடுப்பு, அரிசிப்பை எல்லாம் அதற்குள். பாரம் கீழே இருப்பதால் வண்டி ஆடாது. பால் கேன் கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு நீங்கள் சொல்கிற அதே கணக்குதான்.

போன இடத்துக்குப் பீக் டிஸ்ட்ரிக்ட் என்று பெயர், இங்கிலாந்தில் இருக்கிற ஒரு தேசியப் பூங்கா. மான்செஸ்டரிலிருந்து ஷெஃபீல்டு போகும் ரயில் அந்த மலைக்குள்தான் போகிறது. சைக்கிளை அப்படியே பெட்டிக்குள் உருட்டிக்கொண்டு ஏறலாம். பார்சல் ஆபீஸ் கிடையாது, சீட்டு கிடையாது, தனிக் கட்டணமும் கிடையாது. ஆனால் ஒரு ரயிலுக்கு இரண்டு சைக்கிள்தான், முந்தி வருகிறவருக்கு இடம். அதனால் சனிக்கிழமை விடியற்காலையிலேயே போய் நின்றுகொண்டேன். ஹோப் என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கி, காஸில்டன் என்ற ஊர் வரைக்கும் நல்ல சமதளம். அதற்கப்புறம்தான் வின்னட்ஸ் கணவாய்.

உயரத்தைச் சொன்னால் நம்ம ஊர் ஆள் சிரிப்பான். பக்கத்தில் நிற்கிற மாம் டோர் மலையே 517 மீட்டர்தான், நம்ம ஏலகிரி அதைப்போல இரண்டு மடங்கு. ஆனால் ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு போட்டு, வளைவுக்கு வளைவு பெயர் வைத்து, ஆளை மெதுவாக மேலே கூட்டிக்கொண்டு போவார்கள். இங்கே பழைய காலத்து ஜனங்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக நிற்க, நடுவில் ரோடு கிட்டத்தட்ட நேராகவே மேலே ஏறுகிறது. நூறு அடி போனால் இருபது அடிக்கு மேல் உயர்கிற இடமும் உண்டு. காரும் அதே வழியில்தான். சுற்றிப்போகிற நல்ல ரோடு ஒன்று முன்பு இருந்தது, மாம் டோரின் மண் சரிந்து சரிந்து அதை உடைத்துக்கொண்டே இருந்ததால் 1979இல் மூடிவிட்டார்கள். அந்த ரோடு இன்றைக்கும் துண்டு துண்டாக உடைந்து கிடக்கிறது. கணவாயின் கடைசிப் பகுதியில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன். பின்னால் வந்த கார்க்காரர் யாரும் ஹாரன் அடிக்கவில்லை என்பதை மட்டும் கடையில் சொல்லுங்கள்.

மேலே ஏறிவிட்டால் கண்ணுக்கெட்டியவரை பச்சை, அதில் கோடு போட்ட மாதிரி கல்சுவர்கள். சிமென்ட், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கல்லைக் கல்லின்மேல் பொருத்தியே மைல் கணக்கில் கட்டியிருக்கிறார்கள். ஆடு தாண்டாமல் இருக்க ரோட்டின் குறுக்கே குழி வெட்டி, மேலே இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதித்திருப்பார்கள். கால் சிக்கும் என்று ஆடு வராது, சைக்கிள் போகும். ஆனால் ஹேண்டில்பாரைத் திருப்பாமல் நேராகப் போக வேண்டும், மழை ஈரத்தில் குழாய் வழுக்கும்.

மதியத்துக்குமேல் நான் போன வழி உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். மான்சல் டிரெயில் என்று பெயர். 1968இல் நிறுத்திய ஒரு ரயில் பாதை, தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் விட்டுவிட்டார்கள், சுமார் 14 கிலோமீட்டர். ரயிலுக்குப் போட்ட பாதை என்பதால் மேடே தெரியாது. பள்ளத்தாக்குக்குமேல் உயரமான பாலம், மலையைக் குடைந்த சுரங்கங்கள். நான் போன பக்கம் மூன்று சுரங்கம், ஒவ்வொன்றும் 400 மீட்டருக்கு மேல். பல வருஷம் பூட்டிக் கிடந்தவற்றை 2011இல் திறந்து, உள்ளே விளக்கும் போட்டிருக்கிறார்கள். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் சில்லென்று ஈரக்காற்று. பெல் அடித்துப் பார்த்தேன், அப்படி எதிரொலிக்கிறது. எதிரே வந்த ஒரு பொடியன் தன் பங்குக்குக் கத்திவிட்டுப் போனான்.

அந்த ஆற்றங்கரையில் பழைய பஞ்சாலைகள் இரண்டு நிற்கின்றன, லிட்டன் மில், கிரெஸ்புரூக் மில் என்று. ஆற்றுத் தண்ணீரில் சக்கரம் ஓட்டி நூல் நூற்ற காலத்தவை. வேலைக்கு அனாதைக் குழந்தைகளை எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து கட்டிப்போட்ட மாதிரி வைத்திருந்தார்களாம். லிட்டன் மில்லில் நடந்த கொடுமை நாட்டுக்கே தெரிந்த கதை. இப்போது அதையெல்லாம் அழகான குடியிருப்பாக்கிவிட்டார்கள், ஜன்னலில் பூந்தொட்டி. தறிச் சத்தத்தில் வளர்ந்த நம்ம வீட்டுக்காரர்கள் பார்க்க வேண்டிய இடம் அது. தாத்தா லுங்கி நெய்த காலத்தில் பாவு போடக் கையில் நூல் கிடைக்காமல் அலைந்ததைப் பாட்டி சொல்வார்களே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

சரி, அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். நான் படுத்தது எவனோ ஒருவன் வயலில் இல்லை. இங்கிலாந்தில் கண்ட இடத்தில் டென்ட் அடிக்க முடியாது, நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். ஸ்காட்லாந்தில் 2003இல் வந்த சட்டப்படி பெரும்பாலான இடங்களில் அடிக்கலாம், இங்கே தென்மேற்கில் இருக்கிற தார்ட்மூர் பக்கம் தவிர கிடையாது. அதனால் விவசாயிகள் பலர் ஒரு வயலை இதற்கென்றே விட்டிருக்கிறார்கள். பேக்வெல் ஊருக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று. பணம் கட்டினேன், குழாய்த் தண்ணீர், கழிப்பறை, சுடுதண்ணீர்க் குளியல் எல்லாம் உண்டு. நெருப்பு மூட்டக்கூடாது, அடுப்பு மட்டும். வீட்டிலேயே கடுகு, கறிவேப்பிலை தாளித்து வறுத்துக்கொண்டு போன ரவையில் வெந்நீர் ஊற்றிக் கிளறினால் ஐந்து நிமிஷத்தில் உப்புமா. பக்கத்து டென்டில் இருந்த வயதான தம்பதி வாசனை பிடித்து எட்டிப் பார்த்தார்கள், கொடுத்தேன், பதிலுக்கு டீ வந்தது. நம்ம டீ மாதிரி இல்லை, வெறும் வெந்நீரில் பாலைக் காட்டின மாதிரி, ஆனால் குளிருக்கு இதமாக இருந்தது.

ராத்திரி ஒரு தரம் பயந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். டென்டுக்கு வெளியே ஓர் ஆள் நின்று இருமுகிறான். நல்ல கிழட்டு இருமல். டார்ச்சை அடித்தால் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு செம்மறி ஆடு! அச்சு அசலாய் மனுஷர் போலவே இருமுகின்றன மாமா. அதற்கப்புறம் நன்றாகத் தூங்கினேன். செப்டம்பரிலேயே குளிர் எலும்பைத் தொடுகிறது, நம்ம வேலூர் வெயிலை நினைத்தால் நம்பவே முடியாது. டென்டை முழுக்க மூடிக்கொண்டால் மூச்சுக்காற்றே உள்பக்கம் தண்ணீராகச் சொட்டும், அதனால் குளிர்ந்தாலும் மேல் ஜிப்பைக் கொஞ்சம் திறந்துதான் வைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பேக்வெலில் அந்த ஊர்ப் புட்டிங் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் கால்மணி நேரத்தில் பங்சர். இந்த மாதத்தில்தான் வேலிச் செடிகளை மெஷின் வைத்து வெட்டுகிறார்கள், வெட்டின முள் ரோட்டிலேயே கிடக்கும். வேலிகாத்தானுக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. இங்கே ரோட்டோரம் பங்சர் கடை கிடையாது, எல்லாம் நாமேதான். டயர் உள்பக்கத்தை விரலால் தடவி முள்ளை எடுக்காமல் ட்யூபை மாட்டாதே என்று நீங்கள் திட்டுவீர்களே, அப்படியே செய்தேன். ஒட்டுப் போடாமல் புது ட்யூபே மாட்டிவிட்டேன். பழையதை வீட்டில் வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்துத்தான் ஒட்டினேன். அப்புறம் கிரிண்டில்ஃபோர்டு வழியாக ஹேதர்சேஜ் போய் ரயில் பிடித்தேன். அந்தப் பக்கத்து மலைச்சரிவுகளில் ஆலையில் அரைக்கச் செதுக்கி முடித்த பெரிய பெரிய எந்திரக்கற்கள் விற்காமல் அப்படியே கிடக்கின்றன, வட்டமாக, நடுவில் ஓட்டையோடு. அதையே இந்தப் பூங்காவுக்குச் சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

தனியாகப் போனதைப் பெரிய தைரியம் என்று அத்தை சொன்னார்களாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை மாமா. ரயிலில் சைக்கிளுக்கு இடம், கார் வராத பாதை, காசு கொடுத்தால் படுக்க ஒரு வயல், குழாயில் தண்ணீர் இவ்வளவும் இருந்தால் அத்தையே போய்விட்டு வரலாம். அதுவும் சும்மா வந்ததில்லை. இந்த மலைகளில் பெரும்பகுதி பணக்காரர்கள் காட்டுக்கோழி சுடுவதற்கென்று அடைத்து வைத்திருந்தவை. 1932 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாரம் முழுக்க ஆலையில் உழைத்த மான்செஸ்டர் பக்கத்து இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் கிண்டர் ஸ்கவுட் என்ற மலையில் வேண்டுமென்றே தடையை மீறி ஏறினார்கள், சிலர் ஜெயிலுக்கும் போனார்கள். 1951இல் இது நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது. அவர்களுக்குக் கிடைத்தது வாரத்தில் ஒரு நாள்தான், எனக்கு இரண்டு நாள் கிடைத்தது.

ஜனவரியில் லீவு கேட்டிருக்கிறேன். வந்தால் ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் போகலாம், நீங்களும் வர வேண்டும், முட்டி வலி என்று சொல்லக்கூடாது. அமிர்தி வழியா, ஆலங்காயம் காவலூர் வழியா, எது ஏறச் சுலபம் என்று பால் வண்டிக்காரர்களிடம் கேட்டு வையுங்கள். ராத்திரி தங்க வனத்துறையிடம் என்ன கேட்க வேண்டும் என்பதையும் விசாரியுங்கள். உங்கள் வண்டிக்கு 34 பல்லோடு ஒரு செட் இங்கிருந்து வாங்கி வருகிறேன். பின் வீலில் இருப்பது திருகி மாட்டுகிற ஃப்ரீவீலா, வேறா என்று பார்த்து, பக்கவாட்டில் தெளிவாக ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், பின் ஃபோர்க்கின் இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள். அளவு தெரியாமல் வாங்கினால் பணம் வீண்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்